வாய்ப்பூட்டு விளம்பரங்கள் – ஒரு நோக்கு

வலியசாலைக்கு நான் வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். சாலைக் கடைத்தெருவில் மாமா வைத்திருந்த பாத்திரக் கடையில் கணக்கு எழுத வந்தவன். மலையாளத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கடைப்பலகையையும் பஸ் பலகையையும் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த நாளில் பழைய புத்தகக் கடையில் எடுத்த ஒரு பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் 'குண்டற விளம்பரம்' என்று ஒரு பாடம் இருந்தது. குண்டறையில் பீங்கான் தொழிற்சாலை உண்டு. நம்ம தொழிலுக்குப் பக்கத்துத் தொழிலாச்சே என்று ஆவலோடு படித்தேன். கம்பெனி பற்றிய விளம்பரம்தான். ஆனால் பீங்கான் கம்பெனி இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனி!

மலையாளத்தில் விளம்பரம் என்றால் அரசறிவிப்பு. நாம் விளம்பரம் என்று சொல்வதை அவர்கள் 'பரஸ்யம்' என்பார்கள். நம் காப்பியங்களில் யானையின் பிடரியில் முரசேற்றி ஊருக்கு அறிவிப்பதாக வருகிறதே, அந்த வேலையைத்தான் இந்த விளம்பரம் செய்தது. அன்று ஏற்பட்ட அசட்டுத்தனத்தால் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. அரசர்கள் போட்ட விளம்பரங்கள் எங்கே அகப்பட்டாலும் எடுத்துப் படிப்பேன். கவிதையைத் திறனாய்வு செய்யும் புலவர்கள் இந்த மலரிலேயே பலர் இருக்கிறார்கள். அரசாங்கக் கடுதாசியைத் திறனாய்வு செய்ய ஒரு கடைக்காரன் போதும். பில்லையும் பத்திரத்தையும் வரி வரியாகப் படித்து, எழுதாமல் விட்டது என்ன என்று பார்க்கிற பழக்கம் எங்களுக்குத் தொழிலோடு வந்தது.

ஆகவே இக்கட்டுரையில் மூன்று விளம்பரங்களைப் பார்க்கிறேன். மூன்றும் குடிமக்கள் அரசியல் பேசக் கூடாது என்று சொல்வதற்காக அரசர்கள் போட்டவை. இரண்டு இங்கிலாந்தில், 1620-இலும் 1675-இலும். மூன்றாவது நம்ம திருவனந்தபுரத்தில், 1910-இல். காலத்தால் அது பிந்தியது. ஆனால் அதன் நடையைப் பார்த்தால் முந்திய இரண்டுக்கும் உடன்பிறந்தது போலத்தான் இருக்கிறது. சொல்லப்போனால் அவற்றைவிடப் பழையது.

முதலில் குண்டறையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் என் உரைகல். தளவாய் வேலுத்தம்பி 1809 ஜனவரி 11-ஆம் நாள், கொல்லம் ஆண்டு 984 மகரம் முதல் தேதி, குண்டறையிலிருந்து அந்த விளம்பரத்தை வெளியிட்டார். கம்பெனியார் சொன்ன வாக்கு என்ன, மீறியது என்ன, இனி இடம் கொடுத்தால் கோயிலுக்கும் குடிக்கும் உப்புக்கும் நிலத்துக்கும் என்ன கதி ஏற்படும் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அதனால் எழுந்து வாருங்கள் என்று முடிகிறது. அவர் சொன்னதெல்லாம் சரியா என்பது வேறு. அவரே அதிகாரத்தில் இருந்தபோது கடுந்தண்டனைக்குப் பேர்போனவர். ஊரார் வாயைத் திறந்துவிட வந்த வள்ளல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜனங்களைப் பார்த்துக் காரணம் சொல்லிப் பேசினார். முடிவு எல்லோருக்கும் தெரியும். போரில் கம்பெனி ஜெயித்தது, மகாராஜா தளவாயைக் கைவிட்டார், மண்ணடிக் கோயிலில் தளவாய் உயிர் விட்டார், உடலைக் கண்ணம்மூலைக்குக் கொண்டுவந்து ஊர் பார்க்கத் தொங்கவிட்டார்கள். வலியசாலையிலிருந்து ஆட்டோவில் போனால் கால் மணி நேரம்கூட ஆகாது. தொங்கிய உடலும் ஒரு விளம்பரந்தான். அதில் காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். முதலாம் ஜேம்ஸ் ராஜா. 1620-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி ஒரு விளம்பரம் போட்டார். அப்போது அவர் மகளும் மருமகனும் ஐரோப்பாவில் நாட்டைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள். ராஜாவோ மகனுக்கு ஸ்பெயின் நாட்டு இளவரசியைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் பேசுகிற வீடும் மருமகனை விரட்டிய வீடும் ஒரே வம்சம். ஊர் சும்மா இருக்குமா? மதுக்கடையிலும் கோயில் மேடையிலும் இதே பேச்சு. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. ராஜ்ய காரியங்களும் ஆட்சியின் மர்மங்களும் சாமானியர் பேசத்தக்கவை அல்ல, பெரியவர் முதல் சிறியவர் வரை பேனாவாலோ நாவாலோ அவற்றில் தலையிட வேண்டாம் என்பது விளம்பரத்தின் சாரம். இதில் எனக்குச் சுவாரசியமானது வேறொரு வரி. பேசியவன் மட்டும் குற்றவாளியில்லை. அத்தகைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு 24 மணி நேரத்துக்குள் மேலிடத்தில் சொல்லாதவனும் குற்றவாளி. காதுக்கும் சேர்த்துப் பூட்டு!

விளைவு என்ன ஆச்சு என்பதற்கு ராஜாவே சாட்சி. ஏழு மாதம் கழித்து, 1621 ஜூலையில், அதே விளம்பரத்தை மறுபடியும் போட வேண்டி வந்தது. 'கடன் சொல்லாதீர்' என்று ஒரு பலகை மாட்டிய கடையில், சில மாதத்தில் இன்னும் பெரிய எழுத்தில் இரண்டாவது பலகை மாட்டினால் என்ன அர்த்தம்? முதல் பலகையை யாரும் மதிக்கவில்லை என்று அர்த்தம். அந்த வருஷக் கடைசியில் பாராளுமன்றக் கீழ்ச்சபையார், எந்த விஷயத்தையும் பேச எங்களுக்கு உரிமை உண்டு என்று தங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். ராஜா அந்தப் புத்தகத்தை வரவழைத்து, அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே கிழித்தார். புத்தகத்தில் பக்கம் போனது. என்ன எழுதியிருந்தது என்பது நானூறு வருஷம் கழித்து எனக்கே தெரிகிறது.

இரண்டாவது விளம்பரம் அவருடைய பேரன் இரண்டாம் சார்லஸ் போட்டது. 1675 டிசம்பர் 29. லண்டனில் காப்பிக்கடை புதிதாகப் பெருகிய காலம். ஒரு கோப்பைக் காப்பிக்குக் காசு கொடுத்தால் போதும், பிரபுவும் கப்பல் வியாபாரியும் ஒரே பலகையில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துப் பேசலாம். ராஜா என்ன செய்தார்? வருகிற ஜனவரி 10-ஆம் தேதியிலிருந்து காப்பிக்கடைகள் எல்லாம் மூடல், லைசென்ஸ் ரத்து என்று விளம்பரம் போட்டார். இரண்டு காரணம் காட்டினார். ஒன்று, அரசைப் பற்றிய பொய்யும் அவதூறும் அங்கேதான் உற்பத்தியாகின்றன. இரண்டாவதைப் படித்துவிட்டு நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். வியாபாரிகளும் தொழிலாளிகளும் தங்கள் வேலையைப் பார்க்க வேண்டிய நேரத்தை அங்கே வீணடிக்கிறார்களாம்! நம்ம வியாபாரத்தின் மேல் ராஜாவுக்குத்தான் எத்தனை அக்கறை!

அந்த வியாபாரிகளே பதில் சொன்னார்கள். காப்பிக்கடைக்காரர்கள் திரண்டு போய் மனுக் கொடுத்தார்கள். பேச்சுரிமை கீச்சுரிமை என்று ஒன்றும் கேட்கவில்லை. சரக்கு வாங்கிப் போட்டிருக்கிறோம், பணம் முடங்கிக் கிடக்கிறது என்று சொன்னார்கள். சட்டப்படி கொடுத்த லைசென்ஸை ராஜா தன்னிச்சையாகப் பறிக்கலாமா என்று சட்டம் தெரிந்தவர்களுக்கும் சந்தேகம் வந்தது. தடை அமலாக இரண்டு நாள் இருக்கும்போது, 1676 ஜனவரி 8-ஆம் தேதி, ராஜா இறங்கிவந்தார். ஜூன் மாதம் வரை விற்றுக்கொள்ளலாம் என்றார். ஜூனுக்குப் பிறகும் யாரும் கடையை மூடவில்லை. துருக்கியில் நான்காம் முராத் சுல்தான் 1633-இல் காப்பிக்கடைகளை மூடியபோது இப்படி இறங்கிவரவில்லை. அவர் தலையையே எடுக்கிறவர். லண்டன் ராஜாவுக்கு வரி வேண்டியிருந்தது. இந்த ஒரு நிகழ்ச்சியை நான் எங்கள் வர்த்தகர் கூட்டங்களில் பலமுறை சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன். பின்னால் சொல்லப்போகிற காரணத்தால் இப்போதெல்லாம் சொல்வதில்லை.

இனி நம்ம ஊர்.

'சுதேசாபிமானி' பத்திரிகையை 1905 ஜனவரி 19-இல் தொடங்கியவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. முதலில் அஞ்சுதெங்கில் அச்சாயிற்று, பிறகு வக்கம், அதன்பின் 1907-இல் திருவனந்தபுரம். 1906-இல் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தவர் நெய்யாற்றின்கரைக்காரரான கே. ராமகிருஷ்ண பிள்ளை. பத்திரிகை முதலாளி ஆசிரியரின் எழுத்தில் தலையிடாதது அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் அதிசயம். ராமகிருஷ்ண பிள்ளை எழுதியவை: உத்தியோகஸ்தர்களின் கைக்கூலி, அரண்மனைச் சேவகர்களின் செல்வாக்கு, வேலை நியமனத்தில் சலுகை, திவானின் நிர்வாகம், திவானின் தனி ஒழுக்கம். அப்போது திவான் பி. ராஜகோபாலாச்சாரி (நம்ம மூதறிஞர் ராஜாஜி அல்ல, இவர் வேறு), 1907 முதல் 1914 வரை பதவியில் இருந்தவர். அரசர் ஸ்ரீமூலம் திருநாள்.

1910 செப்டம்பர் 26-ஆம் தேதி போலீஸ் அச்சகத்துக்கு வந்தது. ஆசிரியரைக் கைது செய்து, ஆரல்வாய்மொழி வழியாக எல்லை கடத்தித் திருநெல்வேலிச் சீமையில் கொண்டுபோய் விட்டார்கள். அன்று எல்லை அங்கேதான். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 வரை தோவாளை, நாகர்கோவில் எல்லாம் இந்தப் பக்கம். சரக்கு கொண்டுவந்த பழைய வியாபாரிகளுக்கு ஆரல்வாய்மொழி என்றால் சவுக்கையும் சுங்கமுமே ஞாபகம் வரும். அந்தச் சுங்க வாசலில் ஒரு மனிதரை ஏற்றுமதி செய்தார்கள்.

அந்த விளம்பரத்தின் வாசகத்துக்கு வருவோம். சிறியது, ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பொது நன்மையை முன்னிட்டு இந்தப் பத்திரிகையை ஒடுக்குவதும் இதன் ஆசிரியரை நம் நாட்டைவிட்டு அகற்றுவதும் அவசியம் என்று நாம் திருப்தி அடைந்திருக்கிறோம் என்கிறது. அவரை உடனே கைது செய்து வெளியேற்ற வேண்டும், நாம் வேறு விதமாக உத்தரவிடும்வரை அவர் திரும்ப நுழையக் கூடாது என்கிறது. அச்சகமும் அதைச் சேர்ந்த பொருள்களும் பத்திரிகைப் பிரதிகளும் சர்க்காருக்குப் பறிமுதல். கடைசியில் ஒரு ஷரத்து: இந்த விளம்பரத்தின் பேரில் செய்த எந்தக் காரியத்துக்காகவும் சர்க்காரின் மீதோ உத்தியோகஸ்தர் மீதோ சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ செல்லாது.

எழுதாமல் விட்டது என்ன? குற்றம். என்ன எழுதினார், அதில் எது பொய், எந்த நாள் இதழ், ஒன்றும் இல்லை. ஜேம்ஸ் ராஜாகூட ராஜ்ய மர்மத்தைப் பேசினாய் என்றார். சார்லஸ் ராஜா இரண்டு காரணம் சொன்னார், ஒன்று சிரிப்பாக இருந்தாலும். ஸ்ரீமூலம் மகாராஜாவின் விளம்பரம் 'நாம் திருப்தி அடைந்திருக்கிறோம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. திருப்தி அடைந்தவரிடம் மேல்முறையீடு எப்படிச் செய்வது?

இது ஏதோ சட்டமே இல்லாத நாட்டில் நடந்த காரியம் என்றால் மன்னிக்கலாம். திருவிதாங்கூரில் அப்போது ஹைக்கோர்ட் இருந்தது. 1888 முதல் சட்டசபை இருந்தது. அவதூறுக்கு வழக்குப் போட வழி இருந்தது. 1904-இல் இதே மகாராஜாதான் ஸ்ரீமூலம் பிரஜா சபையைக் கூட்டி, குடிகள் தங்கள் குறைகளை நேரில் வந்து சொல்லலாம் என்றார். விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் அந்தக் கூட்டம் நடந்தது. குறை சொல்ல மண்டபம் கட்டிக் கொடுத்தவர், மண்டபத்துக்கு வெளியே குறை சொன்னவரை நாடு கடத்தினார். வரவேற்பறையில் பேசலாம், தெருவில் பேசக் கூடாது என்பது இதன் நியாயம். ஜேம்ஸ் ராஜாவுக்கும் இதே நியாயம்தான். அவருக்குப் பின்னால் ஹைக்கோர்ட் இல்லை, முந்நூறு வருஷ அனுபவமும் இல்லை. அதனால்தான் நம்ம விளம்பரம் மற்ற இரண்டையும்விடப் பழையது என்றேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஜேம்ஸ் ராஜா தடுத்தது ஒரு விஷயத்தை; ராஜ்ய காரியம் பேசாதே என்றார். எல்லா நாவையும் யார் காவல் காப்பது? தோற்றார். சார்லஸ் ராஜா தடுத்தது ஓர் இடத்தை. இடத்தில் பலருடைய முதல் முடங்கியிருந்தது. அவர்கள் சேர்ந்து வந்தார்கள், அவரும் தோற்றார். ஸ்ரீமூலம் மகாராஜா தடுத்தது ஒரே ஒரு ஆளை. அவர் ஜெயித்துவிட்டார். வலை சிறிதாகச் சிறிதாகப் பிடி இறுகுகிறது. ஒரு ஆளுக்காக யார் மனுக் கொண்டுபோவார்கள்? மற்றவர்கள் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். பிறகு 1926-இல் பத்திரிகைகளுக்கு என்றே ஒரு ரெகுலேஷன் வந்தது. 1938-இல் சர் சி.பி. காலத்தில் 'மலையாள மனோரமா'வைப் பூட்டினார்கள். அவையெல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை.

'வேறு விதமாக உத்தரவிடும்வரை' என்ற உத்தரவு வரவே இல்லை. ராமகிருஷ்ண பிள்ளை திருநெல்வேலி, சென்னை, பாலக்காடு என்று அலைந்து, கண்ணூரில் 1916 மார்ச் 28-இல் காலமானார். வயது 38 நிறையவில்லை. தம் நாடுகடத்தலைப் பற்றி ஒரு நூல், பத்திரிகைத் தொழில் பற்றி ஒரு நூல், 1912-இலேயே மலையாளத்தில் கார்ல் மார்க்ஸ் வரலாறு என்று அந்த ஆறு வருஷத்தில் எழுதிக் குவித்திருக்கிறார். அவர் மனைவி பி. கல்யாணி அம்மா எழுதிய 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்ற நூலைப் படிக்கத்தான் மலையாளம் கற்றேன் போலும் என்று சில சமயம் நினைப்பேன். வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் பன்னிரண்டு வருஷந்தான் அவர்களுடைய இல்வாழ்க்கை. கணவர் போன வழியிலேயே அந்த அம்மாளும் கிளம்பினார். விளம்பரத்தில் அவர் பெயர் இல்லை. குற்றம் எழுதாத கடுதாசியில் தண்டனையும் முழுசாக எழுதியிருக்காது.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று அக்கிரகாரத்தில் குடியிருக்கும் என் நண்பரிடம் சொன்னேன். என்னைவிட மூத்தவர், கணக்குத் துறையில் ரிட்டயர் ஆனவர், காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலைதானா என்று மணிக்கணக்காகப் பேசுவார். "நயினாரே, உமக்கு வேற ஆள் கிடைக்கலையா?" என்றார். "நம்மளப் பரதேசின்னு சொல்லி விரட்டப் பார்த்த கூட்டம் ஓய் அது. அவனுக்கு நம்ம மலர்ல எதுக்குப் பக்கம்?"

"சாமி, அவரைத்தான் விரட்டினாங்க. நாம இங்கதான் இருக்கோம்," என்றேன்.

"அது சரி," என்றார். ஆனால் அவர் முகம் அது சரி என்று சொல்லவில்லை.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1891-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு மகாராஜாவுக்குக் கொடுத்த மலையாளி மெமோரியல், வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களே பெரிய உத்தியோகங்களை வைத்திருக்கிறார்கள் என்ற குறையின் மேல் எழுந்தது. சுதேசாபிமானியின் எழுத்திலும் அந்த வாடை உண்டு. பத்திரிகையின் பெயரிலேயே சுதேசம் இருக்கிறது. திவான் பரதேசத்தவர். ஆகவே நம் வீடுகளில் இந்தக் கதையை ஒரு தமிழ் திவானுக்கும் அவரைத் திட்டியவருக்கும் நடந்த சண்டையாகச் சொன்னார்கள். மலையாள வீடுகளில் ஒரு தியாகிக்கும் கொடுங்கோலருக்கும் நடந்ததாகச் சொன்னார்கள். பாளையத்தில் சிலை இருக்கிறது. அந்த வழியாக ஆயிரம் தடவை போயிருப்போம். நம்மவர் யாரும் நின்று பார்த்து நான் பார்த்ததில்லை.

தியாகி என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் எடையில் குறைத்த பாவம் வரும். 1910-இல் புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாக உட்காரவைக்கும் அரசின் ஏற்பாட்டை இதே ஆசிரியர் எதிர்த்தார். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் கட்டுவதாகும் என்ற பொருளில் தலையங்கம் எழுதினார். படித்தபோது எனக்குக் கை கூசியது. அந்த ஏற்பாட்டின் பக்கம் நின்றவர் யார்? திவான் ராஜகோபாலாச்சாரி! அய்யன்காளியைப் பிரஜா சபைக்கு நியமித்ததும் அவர் காலத்தில்தான்; 1912-இல் அய்யன்காளி அந்தச் சபையில் எழுந்து தம் மக்களுக்காகப் பேசினார். சபை கூடிய அந்த டவுன் ஹாலுக்கு 2019-இல் அய்யன்காளி ஹால் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வாயைப் பூட்டிய கைதான் வாயே இல்லாதிருந்தவர்களுக்குப் பேச இடம் கொடுத்தது. சரித்திரம் நம்ம வசதிக்கு வகை பிரித்துக் கட்டி வைத்த சரக்கு அல்ல.

அப்படியானால் நாடுகடத்தியது சரியா? இங்கேதான் எங்கள் நூல்களைப் புரட்டினேன். சமண இல்லறத்தாருக்குச் சொன்ன அணுவிரதங்களில் வாய்மையும் ஒன்று. அதற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தைக் கறைப்படுத்தும் மீறல்களை, தத்துவார்த்த சூத்திரம் எண்ணிச் சொல்கிறது. பொய்யான உபதேசம், ஒருவருடைய அந்தரங்கத்தை வெளியிடுதல், கள்ளப் பத்திரம் எழுதுதல், அடைக்கலப் பொருளை அமுக்குதல், குறிப்பால் அறிந்த இரகசியத்தைப் போட்டு உடைத்தல். இந்தத் தராசில் வைத்தால் திவானின் படுக்கையறையைப் பற்றி எழுதியது மீறல்தான். நான் அதற்கு வக்காலத்து வாங்கமாட்டேன். கைக்கூலியைப் பற்றி எழுதியது எந்த மீறலிலும் வராது. கைக்கூலி அந்தரங்கம் அல்ல. கொடுத்தவன் நான், என் காசு.

அரசாணைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற விதியும் எங்களுக்கு உண்டு. 'விருத்த ராஜ்யாதிக்ரமம்' என்று பெயர். சின்ன வயதில் எங்கள் ஊர் ஜினாலயத்தில் பெரியவர்கள் இதைச் சொல்லி, ராஜாவை எதிர்த்து வாய் திறக்கக் கூடாது என்பார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். பிற்பாடு மூலத்தை எடுத்துப் பார்த்தால், அந்த விதி வாய்மை விரதத்தின் கீழே இல்லை! கள்ளாமை விரதத்தின் கீழே இருக்கிறது. திருட்டுச் சரக்கு வாங்காதே, கள்ளத் தராசு வைக்காதே, கலப்படம் செய்யாதே என்பவற்றுக்கு நடுவில், அரசின் விதியை மீறி வியாபாரம் செய்யாதே என்று வருகிறது. சரக்கு விஷயத்தில் அரசனைக் கேள். சொல் விஷயத்துக்கு விதித்த ஐந்தில் அரசன் என்ற பேச்சே இல்லை. இதை யாராவது முன்னமே எழுதியிருக்கிறார்களா தெரியாது. எனக்கு நானே கண்டது, ஆகவே கொஞ்சம் பெருமையாகச் சொல்கிறேன். பிழையிருந்தால் அறிஞர்கள் திருத்தட்டும்.

வள்ளுவரோ இன்னும் ஒரு படி மேலே போய், காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கிறவனே வேந்தன் என்ற கருத்தை இறைமாட்சி அதிகாரத்தில் 389-ஆம் குறளில் வைத்தார். இளங்கோவடிகள் அதைக் கதையாகவே காட்டிவிட்டார். கண்ணகி யார்? வணிகன் மனைவி, வேற்று நாட்டுக்காரி, மதுரையில் ஒரு நாள் வாசிகூட இல்லை. நம்மைப் போல வந்து சேர்ந்தவள்தான். அவளை உள்ளே விடச் சொன்னான் பாண்டியன், அவள் பேசியதைக் கேட்டான், தன் தவறு என்று கண்டதும் உயிரை விட்டான். இவ்வளவும் நாம் மேடையில் பேசுவதுதான். ஆனால் கதையின் முன்பாதியையும் பார்க்க வேண்டும். கோவலனுக்கு விசாரணை இல்லை. பொற்கொல்லன் சொன்னான், ராஜா திருப்தி அடைந்தான், ஆள் போயிற்று. 1910 விளம்பரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது கண்ணகி அல்ல, கோவலன்.

காப்பிக்கடைக் கதையை இப்போது சொல்வதில்லை என்றேனே, அதற்குக் காரணம் இது. சுமார் பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் ஒரு சங்கத்தில் செயலாளர். எந்தச் சங்கம் என்று கேட்க வேண்டாம். உறுப்பினர் ஒருவர், சின்ன மளிகைக் கடை வைத்திருந்தவர், பொதுக்குழுவில் எழுந்து கட்டட நிதிக்கு வரவு செலவு கேட்டார். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். மூன்றாம் கூட்டத்தில் குரலை உயர்த்திக் கேட்டார். கமிட்டி கூடி அவரை நீக்க முடிவு செய்தது. கடிதம் தயாரித்தவன் நான். "சங்கத்தின் நலன் கருதித் தாங்கள் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். இது தொடர்பாக எவ்விதக் கடிதப் போக்குவரத்தும் ஏற்கப்பட மாட்டாது." நல்ல வாசகமாக அமைந்துவிட்டது என்று அன்று திருப்தியாகக்கூட இருந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் 'காரணம்' என்ற இடத்தைக் காலியாக விட்டேன். எழுத வேண்டியிருந்த காரணம், அவர் கேட்டது சரியான கேள்வி என்பது. யாரும் திருடவில்லை, ஆனால் ஒரு தொகையை ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்தோம், அது வரவில்லை.

ஸ்ரீமூலம் மகாராஜாவின் விளம்பரத்தை முழுசாகப் படித்தது அதற்குப் பல வருஷம் கழித்து. பொது நன்மை, வழக்குச் செல்லாது என்ற இரண்டு இடத்திலும் என் கையெழுத்தைப் பார்த்தேன். நீக்கின நாளில் சங்கத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் மனுக் கொண்டுவரவில்லை. எல்லோரும் வியாபாரிகள். சார்லஸ் ராஜாவிடம் போனது எங்கள் ஜாதி வியாபாரிகள்தான் என்று கைத்தட்டு வாங்கினேனே, அதே ஜாதி.

தசலட்சண பருவம் முடிந்ததும் எங்களில் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கும் நாள் உண்டு. சென்ற வருஷம் அந்த நாளில் அவர் கடைக்குப் போனேன். வயதாகிவிட்டது; மகன்தான் கல்லாவில் இருந்தார். அவர் உள்ளே சாக்கின் மேல் உட்கார்ந்து வற்றல் மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மிளகாயையே பார்த்தார்.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி," என்றார். "அந்தப் புஸ்தகத்துல காரணம் எழுதுத எடத்தச் சும்மா விட்டுட்டியளாம்லா. அத எழுதியாச்சா?"

நான் இப்போது செயலாளர் இல்லை. புத்தகமும் என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த காரணத்தை ஒரு முழுப் பக்கம் எழுதி, மினிட்ஸில் சேர்த்துக்கொள்ளும்படி இப்போதைய கமிட்டிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். ஒரு நகலை அவரிடம் கொடுத்தேன். தபால் சேர்ந்ததற்கு அட்டை வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.